ரூல் கிராமத்துக் கோயில்: பாரிஸின் சேன் ஃபிலிப் து ரூல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது பாரிஸ் நகரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது? கிராமத்துக் கோயில் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சேன் ஃபிலிப் து ரூல் ஒரு கத்தோலிக்கக் கோயில். அது நிற்கும் இடம் இன்று பாரிஸின் எட்டாம் வட்டாரம். வாசலுக்கு எதிரே விலை உயர்ந்த துணிக்கடைகள், காலடியில் ஒன்பதாம் தடத்து மெட்ரோ. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் இங்கே ஒருவர் வந்திருந்தால் பார்த்திருப்பது வயலும் தோட்டமும்தான். பாரிஸிலிருந்து மேற்கே நெய்யி ஊருக்குப் போகும் சாலையில் இருந்த சிற்றூர் ரூல். அரசருடைய தோட்டங்களுக்கு மரக்கன்று வளர்த்த நாற்றுப்பண்ணை இதன் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு 'நாற்றங்கால் தெரு' என்ற பொருளில்தான் இன்றும் பெயர்.

1722இல் ரூல் பாரிஸின் புறநகராக அறிவிக்கப்பட்டது. ஆக, இந்தக் கோயிலின் வேலை தொடங்கியபோது ரூல் முழுக் கிராமமும் இல்லை, முழு நகரமும் இல்லை. பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட கிறிஸ்தவச் சமூகம்) மட்டும் பழைய கிராமத்துப் பங்குதான். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'து ரூல்' அந்த ஊரின் நினைவு. ஊர் போய்விட்டது, பெயர் கோயிலோடு நின்றுவிட்டது.

இதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

தொழுநோயாளர் இல்லம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நாணயச்சாலைத் தொழிலாளர்களுக்காக ஏற்பட்டது. தொழுநோயாளர்களை ஊருக்கு வெளியே வைப்பது அக்கால வழக்கம் என்பதால்தான் நகர மதிலைத் தாண்டி இவ்வளவு தூரத்தில் இடம் கொடுத்தார்கள். அந்த இல்லத்தின் சிற்றாலயத்தையே சுற்றியிருந்த மக்களும் பயன்படுத்தினார்கள். 1699இல் அது தனிப் பங்காக உயர்த்தப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பழைய கட்டடம் பூசை வைக்க லாயக்கற்றதாகிவிட்டது. மக்கள்தொகையோ ஏறிக்கொண்டிருந்தது. புதுக்கோயில் தவிர வேறு வழியில்லை.

கட்டியது யார்? எந்த ஆண்டு?

ழான் ஃப்ரான்சுவா தெரேஸ் ஷால்கிரேன். 1739இல் பிறந்தவர். செர்வாந்தோனி, புல்லே என்ற கட்டடக் கலைஞர்களிடம் பயின்று, 1758இல் ரோம் பரிசு (இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் பிரெஞ்சுப் பரிசு) பெற்று, அடுத்த சில ஆண்டுகளை ரோமில் கழித்தார். 1760களிலேயே இந்தக் கோயிலுக்கான வரைபடத்தைப் போட்டுவிட்டார். கட்டுமானம் 1774 முதல் 1784 வரை நடந்தது.

பெயர் கேள்விப்பட்டதாகத் தோன்றினால் காரணம் உண்டு. நெப்போலியன் 1806இல் தொடங்கிய வெற்றி வளைவை வடிவமைத்தவரும் இவரே. வளைவு முடிவதற்குள் 1811இல் இறந்துபோனார். அது முடிய 1836 ஆனது. உலகமே அந்த வளைவின் முன் நின்று படம் எடுக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இந்தக் கோயிலுக்கு வருபவர்கள் மிகக் குறைவு. கட்டடக்கலை வரலாற்றில் எது அதிகமாகப் பின்பற்றப்பட்டது என்று கேட்டால், நான் யோசிக்காமல் கோயிலைத்தான் சொல்வேன்.

அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய துயரமும் உண்டு. மனைவி எமிலி, கடல் ஓவியங்களால் புகழ்பெற்ற ஜோசஃப் வெர்னேயின் மகள். 1794 ஜூலையில், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியை முன்னின்று நடத்திய ரொபெஸ்பியர் வீழ்வதற்குச் சில நாள்கள் முன்னால், கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. கோயிலில் முதல் பூசை நடந்து பத்தே ஆண்டுகள்.

இந்தக் கோயிலின் பாணியை 'நவசெவ்வியல்' என்கிறார்களே, எளிமையாக அது என்ன?

பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் ஒழுங்கை மறுபடி எடுத்தாண்ட பாணி. ஆனால் இந்த ஒருவரி விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் 'தூண் வைத்தால் நவசெவ்வியல்' என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். தூண் அதற்கு முன்பும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கோயில்களின் முகப்பில் எத்தனையோ தூண்கள் உண்டு. அவற்றில் பல சுவரோடு பாதி புதைந்து கிடப்பவை. பின்னால் கனமான சுவர் எல்லாப் பாரத்தையும் சுமக்கும், தூண் அழகுக்கு நிற்கும்.

1753இல் மார்க் அந்துவான் லொஜியே என்ற இயேசு சபைக் குரு 'கட்டடக்கலை பற்றிய கட்டுரை' என்ற சிறு நூலை வெளியிட்டார். ஆதி மனிதன் நான்கு மரக்கம்புகளை நட்டு, குறுக்கே கட்டை வைத்து, மேலே சாய்வாகக் கூரை போட்டான். அதுதான் எல்லாக் கட்டடத்துக்கும் தாய். ஆகவே தூண் தனித்து நிற்க வேண்டும், உத்தரத்தை உண்மையிலேயே தாங்க வேண்டும், வேலை செய்யாத உறுப்பு எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது. இதுதான் அவர் வாதம். கட்டடம் கட்டத் தெரியாத ஒரு பாதிரியார் கட்டடக் கலைஞர்களுக்குப் பாடம் சொல்வதா என்ற முணுமுணுப்பு எழுந்தாலும், ஒரு தலைமுறையே அந்தப் புத்தகத்தோடு வளர்ந்தது. ஷால்கிரேன் அந்தத் தலைமுறை.

வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

படி ஏறினால் நான்கு தூண்கள். போதிகையில் (தூணின் தலைப்பகுதியில்) இலையோ சுருளோ இல்லாத, உடலில் வரிப்பள்ளம் ஓடாத, டஸ்கன் எனப்படும் மிக எளிய வகை. அவற்றின் மேல் நேராக ஓர் உத்தரம், அதன் மேல் முக்கோண நெற்றி. நெற்றிக்குள் 'மதம்' ஒரு பெண்ணுருவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பி துரே. இருபுறமும் உயரம் குறைந்த சுவர்கள். நடுவில் உயரமும் ஓரங்களில் தாழ்வுமாக இருப்பதால், உள்ளே ஒரு பெரிய கூடமும் பக்கத்துக்கு ஒரு சிறிய கூடமும் இருக்கும் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

குவிமாடம் இல்லை. முகப்பில் மணிக்கூண்டு இல்லை. முதன்முறை பார்ப்பவர்கள் 'இது நீதிமன்றமா, வங்கியா?' என்று கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் வருத்தம் தரும். இந்த வடிவம் முதலில் இப்படிப்பட்ட கோயில்களுக்கு வந்து, பிறகுதான் ஊரூராக நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் பழகிப்போனது.

உள்ளே?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் இருபுறமும் வரிசையாகத் தூண்கள், பூசை நடக்கும் பீடம்வரை ஓடுகின்றன. வெளியே இருந்த டஸ்கன் இல்லை, இவை அயோனியம். போதிகையில் இருபக்கமும் ஆட்டுக்கிடாவின் கொம்புபோல் சுருள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கமான் வளைவு கிடையாது. ஒரே நேர்கோட்டில் உத்தரம் முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை போகிறது. கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாகப் பீடத்துக்குப் போய்விடும். குறுக்குக் கூடம் இல்லாததால் பார்வை வழியில் எங்கும் திரும்பாது.

இந்த அமைப்புக்கு பசிலிக்கா என்று பெயர். நம் ஊரில் வேளாங்கண்ணியை 'பசிலிக்கா' என்று சொல்லும்போது அது போப்பாண்டவர் வழங்கிய சிறப்புத் தகுதி. கட்டடக்கலையில் பசிலிக்கா என்பது ரோமானியர்களின் பொதுமண்டப வடிவம். கிறிஸ்தவம் அரச ஆதரவு பெற்ற நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் முதல் பெரிய கோயில்கள் இந்த வடிவத்தில்தான் எழுந்தன. ரோமில் உள்ள சாந்தா மரியா மஜ்ஜோரே ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் நடுக்கூடத்திலும் அயோனியத் தூண்கள்தான், மேலே நேர் உத்தரம்தான். ரோமில் இளைஞனாகச் சுற்றிய ஷால்கிரேன் திரும்பி வந்து பாரிஸ் புறநகரில் போட்ட வரைபடத்தைப் பார்த்தால் அந்தக் கூடம் நினைவுக்கு வராமல் இருக்காது.

அதனால் 'கிரேக்கக் கோயிலைக் காப்பியடித்தார்கள், கிறிஸ்தவத்துக்குத் தொடர்பே இல்லை' என்று பின்னால் வந்தவர்கள் சொன்ன குறை பாதிதான் சரி. முகப்பு பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் தூணிலிருந்து வந்தது, உண்மை. உள்ளே இருப்பதோ ஆதித்திருச்சபையின் கூடம். தேவையற்ற அலங்காரத்தை விட்டுவிட்டு முதல் கிறிஸ்தவர்களின் எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அன்றைய பிரெஞ்சுக் குருக்களிடமும் இருந்தது. பருத்த தூண்கள் மறைக்காமல் எல்லோரும் பீடத்தைப் பார்க்க வேண்டும் என்ற தேவையும் இருந்தது.

கூரை கல்லா?

இல்லை, மரம். பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

அரை உருளைபோல் வளைந்த கூரை. அதன் உட்பக்கம் முழுக்கச் சதுரச் சதுரமான பெட்டிக்குழிகள், ரோமில் பாந்தியோன் குவிமாடத்தின் உட்புறத்தில் இருப்பதுபோல. கல் என்று கண் நம்பும்படி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கல் கூரைக்கு ஆகும் செலவைத் தவிர்க்கவே மரத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தச் சிக்கனம்தான் இந்தக் கோயிலைச் சாத்தியமாக்கியது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

கல்லால் கட்டிய வளைவுக்கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் உதைக்கும். ஒரு தென்னமட்டையை வளைத்து இரு முனையையும் தரையில் ஊன்றிப் பாருங்கள், முனைகள் வெளியே சறுக்கப் பார்க்கும். கோதிக் எனப்படும் இடைக்கால ஐரோப்பியப் பாணிக் கோயில்களில் வெளிச்சுவரிலிருந்து கைநீட்டுவதுபோல் நிற்கும் முட்டுவளைவுகள் அந்த உதைப்பை வாங்கத்தான். முட்டு வேண்டாம் என்றால் சுவரைத் தடிமனாக்க வேண்டும், உள்ளே பெரிய சதுரக் கம்பங்கள் வேண்டும். அப்படிச் செய்தால் தனித்து நிற்கும் மெல்லிய தூண் என்ற ஆசை போயே போய்விடும்.

மரக்கூரை லேசானது. உதைப்பும் மிகக் குறைவு. அதைத் தாங்க ஒரு வரிசை அயோனியத் தூணும் அதன் மேல் உத்தரமும் போதும். லொஜியே கேட்ட 'உண்மையில் தாங்கும் தூண்' கிடைத்தது, பங்கின் பணப்பையும் தப்பியது. இதே காலத்தில் சுஃப்லோ என்ற கட்டடக் கலைஞர் பாரிஸில் சேன்த் ஜெனவியேவ் கோயிலை (இன்றைய பாந்தியோன்) முழுக்கக் கல்லில், கல்லுக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அஸ்திவாரம் 1757இல் தொடங்கி, வேலை முடிய 1790 ஆனது. அதற்குள் அவர் இறந்து பத்து ஆண்டு ஆகிவிட்டது. நடுவில் தாங்குதூண்களில் விரிசல் கண்டு ஊரே சண்டை போட்டது. அரசரின் கஜானா இருந்தால் அப்படிக் கட்டலாம். கிராமத்துப் பங்குக்கு ஷால்கிரேனின் வழிதான் கட்டுப்படியாகும்.

மரத்துக்கு ஒரு பயம் உண்டு: தீ. பாரிஸ் தானியச் சந்தைக்கு 1780களில் மரத்தால் போட்ட புகழ்பெற்ற குவிமாடம் 1802இல் எரிந்துபோனது, பிறகு இரும்பில் கட்டினார்கள். ரூல் கூரை நிற்கிறது.

கிராமத்துக் கோயில் கட்ட அக்காலத்தில் யார் பணம் கொடுப்பார்கள்?

பிரான்ஸில் இதற்குத் தெளிவான விதி இருந்தது. 1695ஆம் ஆண்டு அரச ஆணைப்படி, பீடம் இருக்கும் பகுதியைப் பழுதுபார்ப்பது பத்தில் ஒரு பங்கு காணிக்கையை வசூலிப்பவரின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊர்மக்களின் பொறுப்பு. குருவின் வீடும் அவர்கள் தலையில்தான். காணிக்கை வாங்குவது பெரும்பாலும் தூரத்து மடமோ பேராலயமோ ஆக இருக்கும். அவர்கள் சுணங்குவார்கள், ஊர்மக்கள் வழக்குப் போடுவார்கள். பல பிரெஞ்சுக் கிராமங்களில் ஒரே கோயிலின் பீடப்பகுதி ஒரு நூற்றாண்டிலும் கூடம் இன்னொரு நூற்றாண்டிலும் இருப்பதற்கு இந்தக் கணக்குப் பிரிவினையும் ஒரு காரணம்.

இதே பாணியில் முதலில் வந்தது இதுதானா?

தனியாக வரவில்லை. 1760களில் மூன்று கட்டடக் கலைஞர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதே எண்ணத்தைத் தொட்டார்கள். பாரிஸுக்கு மேற்கே சேன் ஜெர்மேன் ஆன் லே ஊரில் பொத்தேன். வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்துக் கிராமமான மோந்த்ரேயில் த்ரூவார், அவருடைய கோயில் 1770இலேயே முடிந்துவிட்டது. மூன்றாவது ஷால்கிரேன். மூவரும் ரோமில் தங்கிப் பயின்று திரும்பியவர்கள். மோந்த்ரேயின் சேன் சம்ஃபோரியான் கோயில் இம்மூன்றில் அசல் கிராமத்துக் கோயில். நேரம் இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். பொத்தேனின் கோயில் பாதியில் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முடிந்தது.

புரட்சியின்போது என்ன ஆயிற்று?

1789 நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் அரசுடைமை ஆயின. 1793 கடைசியில் பாரிஸ் கோயில்களில் வழிபாடு நின்றது. சில ஆண்டுகள் கழித்து 'தியோஃபிலாந்த்ரோபி' என்ற புதுமதம் அரசு ஆதரவோடு கோயில்களைப் பகிர்ந்துகொண்டது. கடவுளையும் மனிதநேயத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு குருவும் சடங்கும் வேண்டாம் என்றவர்கள் அவர்கள். 1798இல் நகரின் கோயில்களுக்குப் புதுப்பெயர் வைத்தபோது ரூல் கோயில் 'ஒற்றுமை ஆலயம்' ஆனது. 1801இல் நெப்போலியன் போப்பாண்டவரோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் பழைய வழிபாடும் பழைய பெயரும் நிலைத்தன.

இப்போது நாம் பார்ப்பது ஷால்கிரேன் விட்டுச்சென்ற அதே கட்டடமா?

முன்பகுதி பெரும்பாலும் ஆம். பின்பகுதி மாறியிருக்கிறது. சுற்றுவட்டாரம் பணக்காரப் பகுதியாகி, பங்கு பெருத்தபோது இடம் போதவில்லை. 1845, 46இல் எத்தியேன் இப்போலித் கோத் பீடத்தின் பின்புறத்தைத் திறந்து, சுற்றிவர வழி அமைத்து, கோயிலை நீட்டினார். 1850களில் விக்தோர் பல்தார் மறைக்கல்விக்கான சிற்றாலயத்தைச் சேர்த்தார். பாரிஸ் மத்திய சந்தையின் இரும்புக் கொட்டகைகளைக் கட்டியவர் அவர்தான்.

பீடத்துக்கு மேலே உள்ள அரைக்குவிமாடத்தில் 'சிலுவையிலிருந்து இறக்குதல்' ஓவியம் இருக்கிறது. தெயோதோர் ஷாசேரியோ 1855இல் முடித்தது. மறு ஆண்டே 37 வயதில் இறந்துவிட்டார். வெண்மையும் சாம்பலுமாக அடங்கியிருக்கும் கூடத்தில் அந்த ஓவியம் மட்டும் வேறு குரலில் பேசுகிறது. ஷால்கிரேனின் திட்டத்தில் இல்லாதது, தூய்மைவாதிகள் சிலருக்குப் பிடிக்காதது. எனக்குப் பிடிக்கும். தூண்களின் இரு கோடுகளும் கண்ணை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற இடத்தில் ஓர் உடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

மற்ற கிராமங்கள் இதைப் பின்பற்றினவா?

நிறைய. புரட்சிக்குப் பிறகு, 1815 முதல் 1840கள்வரை, பழுதான கோயில்களை மாற்றிப் புதிது கட்டும் வேலை பிரான்ஸ் முழுக்க நடந்தது. சிக்கனமான, எளிதில் கட்டக்கூடிய முன்மாதிரி தேவைப்பட்டது. நான்கு தூண் முகப்பு, மூன்று கூடம், வளைவுக்கூரை, அரைவட்டப் பீடம் என்ற ரூல் சூத்திரம் கையில் தயாராக இருந்தது. பாரிஸில் இப்போலித் லபா கட்டிய நோத்ர் தாம் தெ லொரேத் (1823–1836) இதன் பெரிய வாரிசு.

எனக்கு மனதுக்கு நெருக்கமான வாரிசு பத்தின்யோல். அப்போது அது பாரிஸுக்கு வடமேற்கே ஒரு கிராமம். 1820களின் கடைசியில் மொலினோஸ் அங்கே சேன்த் மரி கோயிலைக் கட்டினார். நான்கு டஸ்கன் தூண், ஒரு முக்கோண நெற்றி, மணிக்கூண்டு கிடையாது. ஊர் வளர வளரக் கோயிலையும் பெரிதாக்கினார்கள். 1860இல் பாரிஸ் அந்தக் கிராமத்தையும் விழுங்கியது. ரூலுக்கு நடந்ததே பத்தின்யோலுக்கும் நடந்தது.

1840களுக்குப் பிறகு காற்று திசை மாறியது. கோதிக்தான் பிரான்ஸின் சொந்தப் பாணி, கிறிஸ்தவத்தின் உண்மைப் பாணி என்ற வாதம் வென்றது. அடுத்து வந்த கிராமத்துக் கோயில்களில் கூர்வளைவும் ஊசிக்கோபுரமும்தான்.

பாரிஸின் மதலேன் கோயிலும் இதே வகைதானே?

தூரத்து உறவு. மதலேனைச் சுற்றி 52 கொரிந்தியத் தூண்கள், அதாவது போதிகையில் இலை செதுக்கிய வகை. வெளியிலிருந்து முழுக்க ரோமானியக் கோயில். உள்ளே மூன்று கல் குவிமாடங்கள். ரூல் அளவில் சிறியது, அதன் பெருமை உள்ளே இருக்கிறது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுக் கோயிலோடு ஒப்பிடலாமா?

துய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் தேவதூதர்களின் அன்னை ஆலயத்தை, ஊர்க்காரர்கள் சொல்லும் கப்ஸ் கோயிலை, இந்தப் பெரிய குடும்பத்தில் சேர்க்கலாம். 1855இல் முடிந்தது. அரைவட்ட வளைவு, செவ்வியல் தூண், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் உறவைக் காட்டும். ஆனால் அதற்கு இரட்டைக் கோபுரமும் குவிமாடமும் உண்டு. ரூல் வேண்டாம் என்று விட்டவை அந்த இரண்டும்தான். தனித்தூண் மேல் நேர் உத்தரம் என்ற எண்ணத்தை அங்கே தேடாதீர்கள்.

யாருக்குச் சொந்தம்? உள்ளே போகக் கட்டணம் உண்டா?

1905ஆம் ஆண்டு அரசும் மதமும் பிரிந்த சட்டத்துக்குப் பின், பழைய பங்குக்கோயில்கள் ஊராட்சியின் சொத்து. இதுவும் பாரிஸ் மாநகராட்சியுடையது. வழிபாட்டுக்குத் திருச்சபை பயன்படுத்துகிறது. கட்டணம் இல்லை. பூசை நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிருங்கள்.

அரைமணி நேரம்தான் இருக்கிறது. எங்கே நிற்பது?

கோயில் பெயரே கொண்ட மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். முகப்பை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய், நடுவழியில் போகாமல் பக்கக்கூடத்தில் நடங்கள். பாதி தூரம் போனதும் ஒரு தூணை ஒட்டி நின்று, அதன் அடியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். கல் தூண், கல் சுருள், நேர் உத்தரம், அதற்கு மேல் வளைந்து போகும் பெட்டிக்குழிகள். எந்த இடத்தில் கல் முடிந்து மரம் தொடங்குகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்கப் பாருங்கள்.